எல்லாருக்கும் மாத்திரை, தேவைப்பட்டவருக்குச் சோதனை

(அந்தியூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அந்தியூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11.6 பாகையில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும், நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேரே வந்து நிற்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே மிகவும் சாய்ந்திருக்கும் நாளிலும் நண்பகலில் ஓர் ஆளின் நிழல் அவர் உயரத்தில் முக்கால் பங்குக்கும் குறைவுதான். நிழல் ஆளைவிடக் குட்டையாக விழும் நேரத்தில், தோல் வைட்டமின் டியை உண்டாக்குவதற்கு வேண்டிய புறஊதாக் கதிர் தரைக்குப் போதிய அளவில் வந்துசேர்கிறது என்பது பொதுவான கணக்கு. லண்டனில் குளிர்காலம் முழுவதும் அந்தக் கதிர் வருவதே அரிது. நமக்கோ ஆண்டின் எல்லா நாளும் வருகிறது. அப்படிப்பட்ட ஊரில், கருவுற்ற பெண்களின் வைட்டமின் டி குறைபாட்டைப் பற்றிப் பேச ஒருவர் வந்து நிற்பதே வியப்பாகத் தோன்றலாம். இங்கே நான் முன்வைக்கும் கருத்து ஒன்றுதான். இந்தக் குறைபாடு உண்மையானது, பரவலானது. அதைத் தீர்க்க ஒவ்வொரு பெண்ணின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையில்லாமல் தரப்படும், வைட்டமின் டியும் சேர்ந்த கால்சியம் மாத்திரை ஒவ்வொரு பெண்ணின் வயிற்றுக்கும் சரியாகப் போய்ச்சேர்ந்தால், பாதிப் பேருக்காவது பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். இதற்குச் சான்றுகள் என்ன, மறுப்புகள் என்ன என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பரவலானது என்று சொல்ல ஆதாரம் வேண்டும். லக்னோவில் கருவுற்ற பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. அவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டியின் சராசரி அளவு மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம். நூற்றுக்கு 84 பேர் குறைபாட்டு எல்லைக்குக் கீழே இருந்தார்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் அளவு இன்னும் தாழ்ந்து 8 நானோகிராமை ஒட்டி இருந்தது. வடக்கே குளிர்காலம் உண்டு, புகைமூட்டம் உண்டு, அதனால் அப்படி இருக்கலாம் என்று நினைப்போம். அப்படியானால் நமக்கு அண்டை நகரத்தைப் பார்க்கலாம். அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறி இறங்கி கொள்ளேகால் வழியாகப் போனால் மைசூர். அங்கே ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 30 வார கர்ப்பத்தில் இருந்த 559 பெண்களின் ரத்தம் சோதிக்கப்பட்டு, 2009இல் முடிவு வெளியானது. நூற்றுக்கு 66 பேருக்கு அளவு 20 நானோகிராமுக்குக் கீழே. நூற்றுக்கு 31 பேருக்கு மிகவும் கீழே. திருப்பதியில் டாக்டர் ஹரிநாராயணும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு கருவுற்றவர்களைப் பற்றியது அன்று, ஆரோக்கியமான பொதுமக்களைப் பற்றியது. ஆனால் நம் பேச்சுக்கு அதுவே மிகவும் வேண்டியது. அந்தப் பகுதியின் கிராமத்து ஆண்களில் நூற்றுக்கு 44 பேருக்கும், கிராமத்துப் பெண்களில் நூற்றுக்கு 70 பேருக்கும் குறைபாடு இருந்தது. ஒரே ஊர், ஒரே வெயில், ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வளவு வித்தியாசம்.

அந்த வித்தியாசத்தில்தான் விடை இருக்கிறது. வானத்தில் வெயில் இருப்பது வேறு, தோலில் வெயில் படுவது வேறு. இதை நம் நாட்டிலேயே நூறு ஆண்டுகளுக்கு முன்பு கண்டுசொன்னார்கள். 1920களின் தொடக்கத்தில் ஹட்சிசனும் ஷாவும் நாசிக் பகுதியில் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயை ஆராய்ந்தார்கள். நல்ல சாப்பாடு கிடைத்த வசதியான வீடுகளில், தாயும் சேயும் உள்ளறையிலேயே அடைந்திருந்த இடங்களில் நோய் இருந்தது. சாப்பாட்டுக்கே சிரமப்பட்டாலும் குழந்தையை வயலுக்குத் தூக்கிப்போன கூலிக் குடும்பங்களில் அது இல்லை. காஷ்மீரில் பணியாற்றிய டாக்டர் கேத்லீன் வான் 1926இல் எழுதியது இன்னும் கொடியது. திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களின் இடுப்பெலும்பு மென்மையாகிச் சிதைந்து, பிரசவம் ஆக முடியாமல் உயிர் போனது. படகில் வாழ்ந்த பெண்களுக்கும் வயலில் உழைத்த பெண்களுக்கும் அந்தத் துன்பம் பெரும்பாலும் இல்லை.

கொங்கு நாட்டில் அப்படித் திரைபோட்டு அடைக்கும் வழக்கம் பொதுவாக இருந்ததில்லை. பெண்கள் காட்டு வேலைக்குப் போனார்கள், ஆடுமாடு மேய்த்தார்கள், சந்தைக்கு வந்தார்கள். ஆனால் கடந்த இரண்டு தலைமுறைகளில் அவர்களின் பகல்பொழுது இடம்மாறிவிட்டது. நூற்பாலையில் ஷிப்டு, விசைத்தறிக் கொட்டகை, திருப்பூர்ப் பனியன் கம்பெனி, கடைக் கல்லாப்பெட்டி, கணினி முன்னால் ஒரு நாற்காலி. வேலைக்குப் போகாத பெண்ணுக்கும் தெருவில் உட்கார்ந்து செய்த பல வேலைகள் ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் அடியில் போய்விட்டன. வெளியே போகிறவர்களும் முழங்கை வரை, கணுக்கால் வரை துணியால் மூடிக்கொண்டுதான் போகிறார்கள். ஸ்கூட்டரில் போகும் பெண் கையுறையும் துப்பட்டாவும் இல்லாமல் போவதில்லை. நம் தோலின் கருமை இன்னொரு காரணம். கருமை தரும் நிறமி வெயிலின் தீங்கிலிருந்து காக்கிறது. அதே வேலையாக வைட்டமின் டி உற்பத்தியையும் மெதுவாக்குகிறது. வெளுத்த தோலுக்குச் சில நிமிடங்களில் கிடைப்பது நமக்குக் கிடைக்கப் பல மடங்கு நேரம் ஆகிறது. இதில் யாரையும் குறைசொல்ல எதுவும் இல்லை. வெயிலில் கருத்துவிடுவோம் என்று ஒரு பெண் அஞ்சினால், அந்த அச்சத்தை அவளுக்குள் விதைத்த பெண்பார்க்கும் படலத்தையும் முகப்பூச்சு விளம்பரத்தையும்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

அப்படியானால் கர்ப்பிணிகளை வெயிலில் நிற்கச் சொன்னால் போதுமே என்ற மறுப்பு இயல்பாகவே வரும். மாத்திரை எதற்கு, இயற்கை தரவில்லையா என்று கேட்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, நாம் வழக்கமாகச் சொல்லும் காலை இளவெயிலில் அந்தக் கதிர் மிகக் குறைவு. திருப்பதியிலேயே குப்பிகளை வெயிலில் வைத்து மணிக்கணக்காக அளந்து பார்த்தார்கள். வைட்டமின் டியின் முன்பொருள் நன்றாக உருவானது முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை. ஆறு, ஏழு மணி வெயில் உடம்புக்கு இதமாக இருக்கும், நடப்பதற்கு நல்லது. வைட்டமின் டிக்கு அதை நம்பியிருக்க முடியாது. இரண்டாவது பதில் இன்னும் முக்கியமானது. 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் ஈரோடு மாவட்டத்தின் கோடை வெயிலில் ஒரு கர்ப்பிணியை நிறுத்துவது ஆபத்து. வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் நமக்குப் புதிதல்ல. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024இல் வெளியிட்ட முடிவின்படி, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதற்கான அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு. செங்கல் சூளையிலும் கரும்புக் காட்டிலும் வேலை செய்யும் பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் வெயில் வேண்டும் என்று யாரும் அறிவுரை சொல்லத் துணியக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் முற்பகலில் கையும் காலும் வெயிலில் படும்படி சிறிது நேரம் இருப்பது நல்லது, செலவில்லாதது. செய்ய முடிந்தவர்கள் செய்யட்டும். ஆனால் ஒரு மாவட்டத்தின் மகப்பேறு நலத் திட்டத்தை அதன்மேல் கட்ட முடியாது.

இந்தக் குறைபாட்டால் என்ன கெடுகிறது? இங்கேதான் நிதானம் மிகவும் வேண்டும், ஏனென்றால் வைட்டமின் டியின் பெயரால் அளவுக்கு மீறிப் பேசுகிறவர்கள் ஏராளம். தோலில் உருவாகும் இந்தப் பொருள் கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்று, குடல் கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ள உதவுகிறது. அதுதான் ஐயத்துக்கு இடமில்லாத முதன்மையான வேலை. கருவிலிருக்கும் குழந்தை பிறப்பதற்குள் தன் எலும்புக்காகத் தாயிடமிருந்து ஏறத்தாழ 30 கிராம் கால்சியத்தை வாங்கிக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில். குழந்தையின் வைட்டமின் டி இருப்பு முழுவதும் தாயிடமிருந்து வருவது. தாயிடம் இல்லையென்றால் குழந்தை இருப்பில்லாமலே பிறக்கிறது. பிறந்தபின் தாய்ப்பாலிலும் வைட்டமின் டி மிகக் குறைவு. அதன் விளைவை 2006இல் சென்னை மருத்துவர்கள் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் பதிவுசெய்தார்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்துவந்த 13 கைக்குழந்தைகள், ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்புடன் கொண்டுவரப்பட்டவர்கள். குழந்தைகளுக்கும் வைட்டமின் டி குறைவு, அவர்களின் தாய்மார்களுக்கும் குறைவு. நன்றாகப் பால் குடித்து, நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தைக்குத் திடீரென்று வலிப்பு வந்தால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அதைத் தடுக்கும் மருந்து சில ரூபாய்களில் கிடைப்பது.

இந்தத் தொடர்பு வெறும் ஊகம் அன்று என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1980இல் லண்டனில் ஆசியக் கர்ப்பிணிகள் 126 பேரில் ஒரு சாராருக்குக் கடைசி மூன்று மாதங்களில் நாளுக்கு 1000 அலகு (IU) வைட்டமின் டியும், மறுசாராருக்கு மருந்தில்லா மாத்திரையும் தந்து பார்த்தார்கள். மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களின் குழந்தைகளில் ஐந்து பேருக்குக் கால்சியம் குறைவின் அறிகுறிகள் வெளிப்படையாகவே தோன்றின. மருந்து பெற்றவர்களின் குழந்தைகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எடை குறைந்து பிறந்த குழந்தைகளும் மருந்தில்லாத பக்கத்தில் ஏறத்தாழ இரு மடங்கு. சிறிய ஆய்வுதான். ஆனால் தெளிவாக வடிவமைத்த ஆய்வு. நம்முடையதைப் போன்ற தோலும் உணவுப் பழக்கமும் உடைய பெண்களிடம் நடந்தது.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். பின்னாளில் வந்த பெரிய ஆய்வுகள் இவ்வளவு ஊக்கம் தரவில்லை. டாக்காவில் 1300 பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 28,000 அலகு வரை கொடுத்தும் குழந்தையின் ஒரு வயது உயரத்தில் மாற்றம் இல்லை. இங்கிலாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 1000 அலகு கொடுத்ததால் பிறந்த குழந்தையின் எலும்புத் தாது அளவு மொத்தத்தில் கூடவில்லை. குளிர்காலத்தில் பிறந்த குழந்தைகளிடம் மட்டும் கூடியது. மைசூர் ஆய்விலும் தாயின் குறைபாட்டுக்கும் குழந்தையின் பிறப்பு எடைக்கும், கர்ப்பகாலச் சர்க்கரைக்கும் தொடர்பு தென்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டின் வழிகாட்டலில், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வைட்டமின் டி கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை. இவற்றை மறைத்துவிட்டு மாத்திரைக்காகப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் இந்த முடிவுகள் எதைச் சொல்கின்றன என்று உற்றுப் பார்க்க வேண்டும். டாக்காவில் எல்லாத் தரப்புப் பெண்களுக்குமே கால்சியமும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுக்கப்பட்டன. அளந்தது குழந்தையின் உயரம். உயரம் தாயின் உயரம், சாப்பாடு, நோய்த்தொற்று, வீட்டின் வறுமை என்று பலவற்றால் தீர்மானமாகிறது. ஒற்றை வைட்டமின் அதை மாற்றவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. இங்கிலாந்து ஆய்வில் மிகக் கடுமையான குறைபாடு உள்ள பெண்களைத் தொடக்கத்திலேயே சேர்க்கவில்லை. யாருக்கு மிகவும் பயன்பட்டிருக்குமோ அவர்கள் வெளியே நின்றார்கள். உலக சுகாதார நிறுவனமும் குறைபாடு இருக்கக்கூடும் என்று கருதப்படும் பெண்களுக்கு நாளுக்கு 200 அலகு தரலாம் என்று அதே ஏட்டில் சொல்லியிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்குப் பெண்களிடம் குறைபாடு இருக்கும் ஊரில், ‘இருக்கக்கூடும் என்று கருதப்படுபவர்’ யார் என்ற கேள்விக்கு எல்லாரும் என்பதே விடை. ஆக, இந்த ஆய்வுகள் வைட்டமின் டியைப் பற்றிய மிகையான வாக்குறுதிகளை வெட்டி எறிகின்றன. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். குழந்தை உயரமாகும், அறிவாளியாகும், சர்க்கரை நோயே வராது என்றெல்லாம் சொல்லி மாத்திரை கொடுக்கக் கூடாது. தாயின் எலும்பும், பிறந்த குழந்தையின் கால்சியமும் பாதுகாப்பாக இருக்கும் என்ற சிறிய, உறுதியான வாக்குறுதி போதும். கர்ப்பகால ரத்த அழுத்தம் குறையும் என்பதற்கான சான்று இன்னும் ஊசலாட்டத்தில் இருக்கிறது. ‘காக்ரேன்’ தொகுப்பாய்வு 2019இல் அதை ஓரளவு ஆதரித்தது. நம்பகத்தன்மைச் சோதனையில் தேறாத ஆய்வுகளை நீக்கிவிட்டு 2024இல் மறுபடி கணக்கிட்டபோது அந்த உறுதி கரைந்துவிட்டது. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் அதே 2024இல் வேறு கோணத்தில் எடைபோட்டு, கர்ப்பிணிகளுக்கு வைட்டமின் டி தரலாம் என்றே பரிந்துரைத்தது. அறிஞர்கள் இப்படிப் பிரிந்து நிற்கும் இடத்தில் நான் ஒரு பக்கம் சாய்ந்து சத்தியம் செய்யத் தயாராக இல்லை. என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை.

மேலே சொன்ன அமெரிக்கச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையில் இன்னொரு செய்தி உண்டு. அதுதான் நம் ஊர்க் கர்ப்பிணியின் கைப்பையைத் தொடுவது. 2011இல் இந்தச் சங்கம்தான் 30 நானோகிராம் இருந்தால்தான் போதுமானது என்று எல்லை வகுத்தது. உலகம் முழுவதும் சோதனைக்கூடங்கள் அந்த எண்ணைச் சீட்டில் அச்சிட்டன. 22, 25 என்று அளவு வந்த பெண்களெல்லாம் குறைபாடு உள்ளவர்கள் ஆனார்கள். 2024இல் அந்தச் சங்கமே தன் எல்லையை விலக்கிக்கொண்டது. ஆரோக்கியமானவர்களுக்கு, கர்ப்பிணிகள் உட்பட, வழக்கமாக இந்தச் சோதனை செய்ய வேண்டாம் என்றும் சொன்னது. தனியார் சோதனைக்கூடங்களில் இந்த ஒரு சோதனைக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ கேட்கிறார்கள். நூறு நாள் வேலையில் 2025-26இல் நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. மூன்று நாள் உழைப்பைக் கொடுத்து ஒரு பெண் தெரிந்துகொள்வது என்ன? மைசூர்க் கணக்குப்படி நூற்றுக்கு அறுபத்தாறு வாய்ப்பில் அளவு குறைவு என்று. அந்தச் செய்தி வந்தபின் கொடுக்கப்போவது மாத்திரை. செய்தி வராவிட்டாலும் கொடுக்க வேண்டியது மாத்திரை. அளவிடும் கருவிகளும் முறைகளும் கூடத்துக்குக் கூடம் மாறுவதால் ஒரே ரத்தம் இரு இடத்தில் இரு எண்ணைக் காட்டுவது உண்டு. சோதனை தேவைப்படுவோர் இருக்கிறார்கள். எலும்பு வலியால் நடக்கச் சிரமப்படும் பெண், வலிப்பு மருந்து சாப்பிடும் பெண், சிறுநீரகமோ கல்லீரலோ கெட்டவர், குடல் உறிஞ்சாத நோய் உள்ளவர், முன்பு ஒரு குழந்தைக்குக் கால்சியம் குறைவால் வலிப்பு வந்தவர். இவர்களுக்கு அரசு செலவில் சோதனையும் மருத்துவர் கண்காணிப்பில் கூடுதல் மருந்தும் வேண்டும். மற்றவர்களின் பணம் முட்டைக்கும் பாலுக்கும் போகட்டும்.

சோதனை இல்லாமல் பொதுவாகக் கொடுத்து ஒரு சமூகத்தில் நோயைக் குறைக்க முடியுமா? முடியும் என்று நம் மக்களே காட்டியிருக்கிறார்கள், வேறு நாட்டில். பிரிட்டனில் கிளாஸ்கோ நகரத்துத் தெற்காசியக் குடும்பங்களில் 1960களின் தொடக்கத்தில் ரிக்கெட்ஸ் மறுபடி தலைகாட்டியது. 1979இல் அங்கே தொடங்கிய இயக்கம் வைட்டமின் டியை விலையில்லாமல் பரப்பியது. அதன்பின் ரிக்கெட்ஸால் மருத்துவமனையில் சேரும் குழந்தைகள் தெளிவாகக் குறைந்தார்கள். பர்மிங்ஹாமில் 2005 முதல் ஒரு பகுதியில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் விலையில்லாமல் கொடுத்தார்கள். வாங்கிச் சாப்பிட்டவர்கள் நூற்றுக்கு 20 பேர்கூட இல்லை. அப்படியிருந்தும் அறிகுறியோடு வரும் நோய் லட்சத்துக்கு 120இலிருந்து 49ஆக இறங்கியது. மாத்திரையோடு விழிப்புணர்வும் சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். ஒருவரையும் பொதுவாகச் சோதித்து வடிகட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நமக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 14ஆவது வாரத்திலிருந்து குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை ஒவ்வொரு தாய்க்கும் நாளுக்கு இரண்டு கால்சியம் மாத்திரைகள். ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியம், 250 அலகு வைட்டமின் டி3. ஆக நாளுக்கு 1 கிராம் கால்சியமும் 500 அலகு டியும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு நாளுக்கு 600 அலகு. அதை நெருங்கிவிட்டோம். நாளுக்கு 100 அலகு தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அளவு சுமார் 1 நானோகிராம் உயரும் என்று தோராயமாகக் கணக்கிடலாம். லக்னோ சராசரியில் 14இல் இருந்த பெண் 19ஐ எட்டுவாள். எட்டில் இருப்பவள் எட்ட மாட்டாள். ஆகவே இந்த அளவு பாதிப் பேருக்குப் போதும், மிகவும் தாழ்ந்தவர்களுக்குப் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் மாத்திரையில் டியின் அளவை 500 அலகாக உயர்த்தி, நாளுக்கு 1000 அலகு கிடைக்கச் செய்வதை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று கருதுகிறேன். கர்ப்பிணிக்கும் நாளுக்கு 4000 அலகு வரை பாதுகாப்பு என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட மேல் எல்லை. 1000 அதில் கால்பங்கு.

கால்சியத்தையும் டியையும் ஒரே மாத்திரையில் வைத்திருப்பது நல்ல யோசனை. சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் உடம்பு வைட்டமின் டியை வேகமாகச் செலவழிக்கிறது என்பது 1987இல் வெளியான ஆய்விலேயே தெரிந்தது. திருப்பதி மக்களிடம் இரண்டும் சேர்ந்தே குறைந்திருந்தன. நம் பக்கத்தில் கேழ்வரகு சாப்பாடாக இருந்த காலத்தில் 100 கிராம் மாவிலேயே 364 மில்லிகிராம் கால்சியம் இருந்தது. அரிசியில் பத்து மில்லிகிராம் இருந்தால் அதிகம். பர்கூர் மலையில் இன்றும் ராகி விளைகிறது; கீழே இறங்கினால் ரேஷன் அரிசிதான் மூன்று வேளையும். கேழ்வரகுக் களியையும் கூழையும் கர்ப்பிணியின் சாப்பாட்டில் நாளுக்கு ஒரு வேளையாவது திரும்பக் கொண்டுவருவது வெறும் பழம்பெருமை பேசுவதாகாது. அதற்கு எண் இருக்கிறது. கறந்த பாலில் வீட்டுக்கு எவ்வளவு நிற்கிறது, சொசைட்டிக்கு எவ்வளவு போகிறது என்பதையும் கர்ப்பிணி இருக்கும் வீடு கணக்குப் பார்க்க வேண்டும்.

உணவிலேயே டியையும் எடுத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்குக் கணக்கையே பதிலாகத் தருகிறேன். ஒரு முட்டையில் ஏறத்தாழ 40 அலகு. 600 அலகுக்கு நாளுக்குப் பதினைந்து முட்டை வேண்டும். கொழுப்பு மிகுந்த கடல்மீனில் உண்டு, ஆனால் அந்தியூருக்குக் கடல் தூரம். செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 அலகு வரை இருக்கலாம் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரையறை. ஒரு டம்ளர் குடித்தால் 50 கிடைக்கும். செறிவூட்டிய எண்ணெயில் 10 கிராமுக்கு ஏறத்தாழ 50. எல்லாம் நல்லவை, எல்லாம் சேரட்டும். மாத்திரையின் இடத்தை அவை நிரப்பா.

மாத்திரை என்றதும் எழும் அச்சம் ஒன்று நியாயமானது. வைட்டமின் டி அதிகமானால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கேடு வரை போகும். 1950களில் பிரிட்டனில் குழந்தை உணவுகளில் டியை மிகுதியாகச் சேர்த்தபோது கைக்குழந்தைகளுக்கு இந்தக் கேடு வந்து, பிறகு அளவைக் குறைத்தார்கள். நம் மருந்துக் கடைகளில் 60,000 அலகு பொட்டலமும் மாத்திரையும் எளிதில் கிடைக்கின்றன. வாரத்துக்கு ஒன்று என்று மருத்துவர் எழுதியதை நாளுக்கு ஒன்று என்று சாப்பிட்டால், ஒரே மாதத்தில் 18 லட்சம் அலகு உடம்பில் சேரும். அச்சம் வேண்டியது அங்கே. ஆரம்ப சுகாதார நிலையத்தின் இரண்டு மாத்திரையில் இருக்கும் 500 அலகை ஒதுக்கிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று 60,000 வாங்குவது தலைகீழான எச்சரிக்கை.

கொடுத்த மாத்திரை எங்கே தவறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதனால் இரும்புச்சத்து மாத்திரைக்கு இருக்கும் கவனம் கால்சியத்துக்கு இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் கால்சியம் இரும்பை முழுமையாக உறிஞ்ச விடாது. கால்சியத்தைக் காலை, மதியச் சாப்பாட்டோடும், இரும்பை இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் எடுப்பது என்று ஒரு முறை வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். இதைச் சொல்ல வேண்டியவர் கிராம சுகாதார செவிலியர். அவர் சொல்லும்போது மாமியாரும் கணவரும் பக்கத்தில் இருந்து கேட்பது நல்லது, ஏனென்றால் மாத்திரையை நினைவுபடுத்துவது வீட்டின் வேலை.

மிகவும் கவலை தரும் இடைவெளி தலைப்பிரசவத்தில் வருகிறது. கட்டுச்சோறு விருந்து முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். குழந்தை அதிகமாகக் கால்சியம் கேட்கும் கடைசி மாதங்கள் அவை. மாத்திரை கொடுத்துவந்த நிலையம் ஓர் ஊரில், பெண் வேறோர் ஊரில். கையிலிருக்கும் அட்டை தீர்ந்தபின் புது ஊரில் பதிவு மாறும்வரை ஒரு மாதம் வெறுமையாகப் போவது சாதாரணமாக நடக்கக்கூடியது. புறப்படும்போது இரண்டு மாதத்துக்கான மாத்திரையைக் கொடுத்தனுப்பவும், தாய்வீட்டு ஊரின் செவிலியருக்குத் தகவல் தரவும் இன்றைய பதிவு முறையிலேயே வழி உண்டு. பிரசவமானபின் இன்னொரு தவறு நடக்கிறது. குழந்தை பிறந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடுகிறார்கள். தீட்டு என்று தாயும் சேயும் அறைக்குள் இருக்கும் அந்த நாட்களில், வெயிலும் இல்லை, மாத்திரையும் இல்லை. வழிகாட்டலில் ஆறு மாதம் என்று எழுதியிருப்பது பாலூட்டும் தாயின் எலும்பைக் கருதித்தான்.

குழந்தைக்கு இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கம் முதல் ஆண்டு முழுவதும் நாளுக்கு 400 அலகு வைட்டமின் டி சொட்டு மருந்து பரிந்துரைக்கிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு அது கட்டாயம் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் நெய்யும் பேரீச்சையும் சத்துமாவும் இரும்புச்சத்து டானிக்கும் வருகின்றன. பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது அதோடு ஒரு சொட்டு மருந்துக் குப்பியையும், எத்தனை சொட்டு என்று பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்ட தாளையும் சேர்த்துக் கொடுக்கும்படி, இந்த மாவட்டத்தின் மருத்துவர்களும் மக்கள் பிரதிநிதிகளும் அரசிடம் கேட்க வேண்டும்.